சூறைக்காற்றுக்கு ஷீட் பறக்காத வீடு, 5 லட்சத்துக்குள் கட்ட முடியுமா?

குடியாத்தம்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அம்மா பேரில் 2 சென்ட் மனை, பட்டா இருக்கிறது. இப்போது இருக்கும் வீடு தாத்தா காலத்தில் மண் சாந்து வைத்துக் கட்டிய செங்கல் சுவர், மேலே சிமெண்ட் ஷீட். போன சித்திரையில் ஒரு நாள், பகலெல்லாம் வெயில் கொளுத்திவிட்டு சாயங்காலம் சித்தூர் பக்கமிருந்து கருத்துக்கொண்டு வந்தது. மழை வருவதற்கு முன்னாலேயே காற்று வந்துவிட்டது. தெருக்கோடியில் புழுதி எழும்புவதைப் பார்த்து அம்மா கொடியில் இருந்த துணியை எடுக்க வெளியே ஓடினார், அதற்குள் முன்பக்கத்து ஷீட் இரண்டும் பிய்த்துக்கொண்டு போய்விட்டன. ஷீட் அசையாமல் இருக்கட்டும் என்று மேலே ஏற்றி வைத்திருந்த கருங்கல்லில் ஒன்று நேராக உள்ளே இறங்கி, அம்மா மடியில் வைத்து பீடி சுற்றுகிற முறத்தின் மேல் விழுந்தது. முறம் இரண்டாகப் போனது. இலை, தூள், கட்டி வைத்த கட்டு எல்லாம் மழையில் ஊறியது. துணி எடுக்க அவர் எழுந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே இன்னமும் வயிற்றைப் பிசைகிறது.

இனி ஒட்டுப் போட்டு ஓட்டுவதில்லை, புதிதாகவே கட்டிவிடலாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். கையில் இருப்பது, மகளிர் குழுவில் அம்மா வாங்கக்கூடிய கடன், எல்லாம் சேர்த்து 5 லட்சத்தைத் தாண்டாது. இங்கே மேஸ்திரிகள் சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிக்கு, 2 லட்சத்துக்கு மேல் சொல்கிறார்கள். 4 சதுரம் கட்டினால் 8 லட்சம், அது நடக்கிற காரியம் இல்லை. ஒருவர் "தளம் போட முடியலேன்னா ஷீட்டே போடு, கல்லை மட்டும் பெருசா வை" என்கிறார்.

அமெரிக்காவில் டொர்னாடோ அடிக்கிற ஊர்களின் வீடியோக்களை நிறைய பார்த்தேன். அங்கேயும் சாதாரண ஜனங்கள் மர வீட்டில்தான் இருக்கிறார்கள், பறக்கிறது, மறுபடியும் மரத்திலேயே கட்டுகிறார்கள். செலவு ஏறாமல் அவர்கள் ஏதாவது செய்கிறார்களா, அதில் நமக்கு உதவுகிற விஷயம் ஏதாவது இருக்கிறதா? கட்டட வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேஸ்திரி மகன் எழுதியது:

தம்பி, அந்தப் பெரிய கல் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். நான் காட்பாடியில் சைட் சூப்பர்வைசர், அப்பா நாற்பது வருஷ மேஸ்திரி. சூறைக்காற்று அடித்த மறுநாள் ஷீட் மாற்றப் போகிற வீடுகளில் ஆளுக்கு அடிபட்டதெல்லாம் பெரும்பாலும் அந்தக் கல்லால்தான்.

கல் ஏன் நிற்காது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் அழுத்தம் என்று கிடைக்கும். கட்டடங்களுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 875-இன் மூன்றாம் பாகத்தில் ஊர்வாரியாகக் காற்று வேகம் கொடுத்திருக்கிறார்கள். சென்னைக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். பெங்களூருக்கு 33 மீட்டர், மணிக்கு சுமார் 119. நாம் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறோம். குறைந்த கணக்கான 33-ஐயே எடுத்துக்கொண்டாலும் ஒரு சதுர மீட்டருக்கு 66 கிலோ தூக்குகிற விசை வருகிறது. 10-க்கு 12 அறையின் கூரை 11 சதுர மீட்டர், மொத்தம் 700 கிலோவுக்கு மேல். சென்னை வேகத்துக்கு அதே கூரையில் ஒன்றரை டன்னைத் தாண்டிவிடும். சிமெண்ட் ஷீட்டின் எடை சதுர மீட்டருக்கு 13 கிலோ அளவுதான், தகரம் இன்னும் குறைவு. நீங்கள் பத்துக் கிலோ கல்லைப் பத்து வைத்தாலும் 100 கிலோ. எங்கே நிற்கும்?

இன்னொன்று, காற்று கூரையை மேலிருந்து அழுத்துகிறது என்றுதான் நிறைய பேர் நினைக்கிறார்கள். கூரை மேல் வேகமாகப் போகிற காற்று அதை உறிஞ்சி மேலே தூக்குகிறது. ஓரமும் மூலையும்தான் முதலில் கிளம்பும், அங்கேதான் உறிஞ்சல் அதிகம். அதே நேரம் முன்கதவோ ஜன்னலோ திறந்துகொண்டால் உள்ளே புகுந்த காற்று கீழிருந்தும் தள்ளும். மேலே இழுப்பு, கீழே தள்ளு, ரெண்டும் சேர்ந்தால் கூரை போய்விடும். உங்கள் வீட்டில் முன்பக்க ஷீட் முதலில் போனதில் ஆச்சரியமே இல்லை.

இப்போது கான்கிரீட் தளத்தைப் பாருங்கள். நாலரை அங்குலத் தளம் சதுர மீட்டருக்கு 280 கிலோவுக்கு மேல் எடை. 33-க்கும் சரி, 50-க்கும் சரி, தன் எடையிலேயே நின்றுவிடும். அதனால் நான் சொல்வது, 4 சதுரத்துக்கும் தளம் வேண்டாம். ஒரு அறை, 10-க்கு 12, அதற்கு மட்டும் தளம் போடுங்கள். அம்மா படுக்கிற, பீடி சுற்றுகிற, அரிசியும் பத்திரமும் இருக்கிற அறை அதுவாக இருக்கட்டும். அதை ஒட்டியே கழிவறைக்கும் சின்னத் தளம். மீதி சமையல்கட்டும் முன்னறையும் ஷீட்டில் இருக்கட்டும், ஆனால் அந்த ஷீட்டைச் சரியாகக் கட்டிப் பிடிக்க வேண்டும்.

சரியாக என்றால், ஷீட்டைப் பிடிக்கிறது பர்லின், அதாவது ஷீட்டுக்கு அடியில் போகிற இரும்புச் சட்டம், பர்லினைப் பிடிக்கிறது சுவர், சுவரைப் பிடிக்கிறது கடைக்கால். இந்த வரிசையில் எங்கே ஒரு இடத்தில் விட்டாலும் காற்று அங்கே பிரித்துவிடும். நம் ஊரில் பர்லினைச் சுவர் மேல் சும்மா வைத்து, சுற்றி நாலு செங்கல்லும் கொஞ்சம் கலவையும் பூசிவிட்டுப் போகிறார்கள். ஷீட்டைப் பர்லினோடு மாட்டுகிற ஜே போல்ட் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருப்பார்கள், ஆனால் ஷீட்டும் பர்லினும் ஒன்றாகச் சேர்ந்து பறக்கும். சுவரின் தலையில் சுற்றிலும் பெல்ட் கான்கிரீட் ஓட்டுங்கள், சுவரின் அகலத்துக்கு, 4 அங்குல உயரம், ரெண்டு 10 எம்எம் கம்பி, 6 அங்குலத்துக்கு ஒரு ரிங். பர்லின் உட்காருகிற ஒவ்வொரு இடத்திலும் பெல்ட் கம்பியில் மாட்டிய ஒரு கம்பியை மேலே நீட்டி வையுங்கள், பர்லின் வந்ததும் அதைச் சுற்றி வளைத்து வெல்டிங் வைத்துவிடலாம். மூலைக்கு ஒரு 12 எம்எம் கம்பி கடைக்காலிலிருந்து பெல்ட் வரைக்கும் ஒரே ஓட்டமாக வர வேண்டும். கட்டுக்கம்பியால் முறுக்கி விடுவதெல்லாம் ரெண்டு மழைக்காலம்தான் தாங்கும், துருப்பிடித்து அற்றுவிடும்.

ஜே போல்ட் ஷீட்டின் மேட்டில் வர வேண்டும், பள்ளத்தில் போட்டால் ஒழுகும். நடுவில் கொஞ்சம் தள்ளித் தள்ளி இருந்தாலும் பரவாயில்லை, ஓரங்களில் ஒன்றுவிட்டு ஒரு மேட்டில் போடுங்கள், வாஷரை மறக்காதீர்கள். ஷீட் சுவரைத் தாண்டி ஒன்றரை அடிக்கு மேல் வெளியே நீளக்கூடாது. முன்னால் தாழ்வாரம் வேண்டுமென்றால் தனிக் கூரையாகப் போடுங்கள், வீட்டுக் கூரையையே இழுத்து நீட்டாதீர்கள். தாழ்வாரம் போனால் அதோடு போகட்டும், வீட்டுக் கூரையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகக்கூடாது.

ஆம்பூர் டு ஓக்லஹோமா எழுதியது:

ஆம்பூர்தான் சொந்த ஊர், வேலை காரணமாக சில வருஷமாக ஓக்லஹோமாவில் இருக்கிறேன். தம்பி கேட்ட ரெண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரு வித்தியாசம். நம் ஊரில் சித்திரை, வைகாசியில் அடிப்பது டொர்னாடோ இல்லை. 40 டிகிரி காய்ந்த பிறகு சாயங்காலம் கட்டுகிற இடி மேகத்திலிருந்து மழையோடு குளிர்ந்த காற்று கனத்துப்போய் அப்படியே கீழே கொட்டி, தரையில் மோதி நாலா பக்கமும் பாய்கிறது. அதனால்தான் மழைக்கு முன்னாலேயே புழுதியோடு வந்து சேர்கிறது. டொர்னாடோ மேகத்திலிருந்து தரை வரைக்கும் சுழன்றுகொண்டே நகர்ந்து போகும். இந்தியாவில் அது வங்காளம், ஒடிசா பக்கம்தான் அதிகம், 2024 மார்ச் 31 அன்றுகூட ஜல்பைகுரி மாவட்டத்தில் மைநாகுரி பக்கம் அடித்து ஏராளமான வீடுகளைப் பிரித்துப் போட்டது.

இங்கே மூர் என்று ஒரு ஊர், ஓக்லஹோமா சிட்டிக்குத் தெற்கே ஒட்டியே இருக்கிறது. 2013 மே 20-ல் அங்கே அடித்தது இஎஃப்5, டொர்னாடோவின் பலத்தை 0 முதல் 5 வரை சொல்கிற இஎஃப் அளவுகோலிலேயே உச்சம், அதாவது மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல். 24 பேர் இறந்தார்கள், அதில் 7 பேர் ஒரே ஆரம்பப் பள்ளியின் குழந்தைகள். அதே ஊரை 1999-லும் ஒரு பெரிய டொர்னாடோ தாக்கியிருந்தது. 2013-க்குப் பிறகு ஊர்க்காரர்கள் உட்கார்ந்து பேசி, அடுத்த வருஷமே கட்டட விதியை மாற்றினார்கள். அதுவரை மணிக்கு 145 கிலோமீட்டர் காற்றைத் தாங்கினால் போதும் என்று இருந்ததை 217 ஆக உயர்த்தினார்கள். டொர்னாடோவுக்கென்றே ஒரு நகராட்சி விதி எழுதியது அந்த நாட்டில் அதுதான் முதல் முறை.

இதில் நமக்கு வேண்டிய விஷயம் என்னவென்றால், அவர்கள் மர வீட்டைக் கைவிடவில்லை. எல்லோரும் கான்கிரீட்டில் கட்டுங்கள் என்று சொன்னால் நடுத்தரக் குடும்பங்கள் கட்டவே முடியாது. மேலே அண்ணன் சொன்ன அந்தப் பிடிமான வரிசையைத்தான் விதியாக்கினார்கள். கூரைச் சட்டம் சுவரில் உட்காருகிற இடத்தில் வெறும் ஆணி போதாது, தகட்டுக் கிளிப் போட வேண்டும். சுவருக்கு முழுக்கப் பலகை அடித்து, அதைக் கீழே அடிச்சட்டத்தோடு சேர்க்க வேண்டும், அடிச்சட்டத்தை போல்ட் போட்டுத் தரைக் கான்கிரீட்டில் பிடிக்க வேண்டும். கார் நிறுத்துகிற கேரேஜ் கதவு கனமானதாக இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த அகலக் கதவு முதலில் உடைந்து காற்று உள்ளே புகுந்துதான் நிறைய வீடுகளில் கூரை கிளம்பியது.

320 கிலோமீட்டருக்கு இந்தக் கிளிப் தாங்குமா என்று கேட்டால், தாங்காது. ஆனால் வருஷத்துக்கு சுமார் 1,200 டொர்னாடோ அடிக்கிற நாட்டில் பெரும்பாலானவை இஎஃப்0, இஎஃப்1 என்கிற அடிமட்ட வகைதான். பெரிய டொர்னாடோவிலும் நடுப்பாதையில் இருக்கிற வீடுகளுக்குத்தான் முழு வேகம், ஓரத்தில் இருக்கிற தெருக்களுக்குப் பாதிதான் வரும். அந்த ஓரத்து வீடுகளைக் காப்பாற்றத்தான் கிளிப். நடுப்பாதையில் மாட்டிக்கொண்டால் வீடு போகட்டும், உயிர் போகக்கூடாது என்றுதான் வீட்டுக்குள்ளேயோ கேரேஜ் தரைக்கு அடியிலேயோ ஒரு சின்னப் பாதுகாப்பு அறை வைக்கிறார்கள். அரசாங்கத்தின் பேரிடர் துறை அதற்கு வரைபடமே வெளியிட்டிருக்கிறது, மணிக்கு 400 கிலோமீட்டர் கணக்கு, குடும்பம் ஒடுங்கி உட்காருகிற அளவு இடம். அண்ணன் சொன்ன ஒரு தள அறையும் அதே யோசனைதான். பணம் இருக்கிற அளவுக்கு உயிரைக் காக்கிற இடத்தை முதலில் கட்டிவிட வேண்டும்.

ஏழைகள் நிலைமை இங்கேயும் கஷ்டம்தான். டிரெய்லர் மாதிரி இழுத்து வந்து வைக்கிற மொபைல் ஹோம்களில்தான் வருஷா வருஷம் சாவு அதிகம், தரையோடு சரியாகப் பிடித்துக் கட்டாததால் முழு வீடே உருண்டுபோகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் நம் ஊர் ஷீட் வீடுகள்தான் நினைவுக்கு வருகின்றன.

இன்னொரு விஷயம், காற்று வரும்போது ஜன்னலைத் திறந்து வைத்தால் அழுத்தம் சமமாகிவிடும் என்று முன்பு இங்கே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது தவறு. எல்லாவற்றையும் மூடித் தாழ்ப்பாள் போட வேண்டும்.

அணைக்கட்டு அக்கா எழுதியது:

தம்பி, நாங்கள் சமீபத்தில்தான் கட்டி முடித்தோம், அதனால் ரெண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலில் ஊராட்சி அலுவலகத்தில் போய் கலைஞரின் கனவு இல்லம் பட்டியலைக் கேளுங்கள். 3.5 லட்சம் தருகிறார்கள், 360 சதுர அடி கட்ட வேண்டும், அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் கட்டாயம், மீதி 60-க்கு ஓடு போட்டுக்கொள்ளலாம். ஆனால் அது குடிசையில் இருப்பவர்களுக்கான திட்டம், கணக்கெடுப்பில் பெயர் இருக்க வேண்டும். உங்களுக்கு ஷீட் வீடு என்பதால் கிடைக்குமா என்று நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கேட்காமல் விட்டுவிடாதீர்கள். கிடைத்தாலும் பணம் மொத்தமாக வராது, கடைக்கால், லிண்டல் (கதவு, ஜன்னல் மேல்மட்டம்), தளம் என்று வேலை ஏற ஏறத்தான் வரும். முதல் கட்டத்துக்குக் கையில் காசு வைத்துக்கொண்டு இறங்குங்கள். வட்டிக்கு வாங்கி ஆரம்பித்துவிட்டு நடுவில் நின்றுபோன வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன.

இரண்டாவது வெயில். காற்றுக்குத் தளம் நல்லதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் வேலூர் வெயிலில் தளத்துக்குக் கீழே ராத்திரி படுத்துப் பாருங்கள், பதினோரு மணிக்கும் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். அம்மா பகலெல்லாம் அந்த அறையில் உட்கார்ந்து பீடி சுற்றப்போகிறார் என்றால் இதை நீங்கள் யோசித்தே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் ஃபில்லர் தளம் போட்டோம். கம்பி கட்டுகிறபோதே கட்டங்களுக்கு நடுவில் பழைய சீமை ஓடுகளை (மங்களூர் ஓடு) ரெண்டு ரெண்டாகக் கவிழ்த்து வைத்து மேலே கான்கிரீட் போடுவது, லாரி பேக்கர் கேரளாவில் பரப்பிய முறை. ஓடு உட்காருகிற இடத்தில் கான்கிரீட் மிச்சம், ஓட்டுக்குள் அடைபட்ட காற்றால் சூடும் குறைகிறது. கீழே நின்று பார்த்தால் ஓடு வரிசையாகத் தெரியும், அழகாகவும் இருக்கிறது. மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு ரெண்டு கை அடித்தோம், வருஷா வருஷம் சித்திரைக்கு முன் மறுபடி அடிக்க வேண்டும். கிழக்கு, மேற்கு ரெண்டு பக்கமும் எதிரும் புதிருமாக ஜன்னல் வையுங்கள், ஆனால் கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் போடுங்கள், மேலே அந்தத் தம்பி சொன்ன காரணத்துக்காக.

பக்கத்து வீட்டுச் சுவரையும் பாருங்கள். 2021 நவம்பரில் பேரணாம்பட்டில் விடாத மழையில் சுவர் இடிந்து 9 பேர் போனார்களே, அதில் சின்னக் குழந்தைகளும் இருந்தார்கள். நம் வீடு எவ்வளவு பலமாக இருந்தாலும், ஷீட் போட்ட பகுதி மேல் அடுத்தவர் கைப்பிடிச் சுவர் சரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பக்கம் தள அறையை வைத்துக்கொண்டு, ஷீட் பகுதியைத் திறந்த பக்கம் வையுங்கள்.

குடியாத்தம்காரன் எழுதியது:

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அம்மாவுக்கு முழுசும் படித்துக் காட்டினேன். ஒரு அறைக்கு மட்டும் தளம் என்பது அவருக்கும் பிடித்துவிட்டது, ஓடு வைத்த தளத்தைப் பற்றி ரெண்டு தடவை கேட்டார். எங்கள் பழைய வீட்டின் பின்பக்கம் நாட்டு ஓடு நிறைய கிடக்கிறது, அதைப் பயன்படுத்தலாமா? அப்புறம் மேஸ்திரி அண்ணா, பழைய மண் சாந்துச் சுவர் மேலேயே பெல்ட் ஓட்டினால் சுவர் செலவு மிச்சமாகுமே, அது முடியுமா? தளத்தைப் பின்னால் பணம் வரும்போது பெரிதாக்க வழி இருக்கிறதா? தை பிறந்துவிட்டது, சித்திரைக்குள் எவ்வளவு முடியும் என்றும் தெரியவில்லை.

மேஸ்திரி மகன் எழுதியது:

நாட்டு ஓடு சின்னது, வளைந்தது, ஃபில்லர் தளத்துக்கு அது சரிப்படாது. சீமை ஓடு, நான் சொல்வது தட்டையாக அகலமாக இருக்கிற மங்களூர் ஓடு, பழைய வீடு பிரிக்கிற இடங்களில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். உடையாததாகப் பார்த்து எடுத்து, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் கான்கிரீட்டில் இருக்கிற தண்ணீரை ஓடு குடித்துவிடும். ஃபில்லர் தளம் செய்த மேஸ்திரியை அக்காவிடமே கேட்டு வாங்குங்கள், பழக்கமில்லாத ஆளிடம் கொடுக்காதீர்கள், ஓட்டுக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி விடத் தெரிய வேண்டும். எடை கொஞ்சம் குறையும், ஆனாலும் காற்றுக்குப் போதும்.

மண் சாந்துச் சுவர் மேல் தளமும் வேண்டாம், பெல்ட்டும் வேண்டாம். பெல்ட்டில் மாட்டுகிற கம்பியைப் பிடித்துக்கொள்ள சுவருக்கு வலு வேண்டும், மண் சாந்தில் மேல் நாலு வரிசை செங்கல்லோடு பெல்ட்டே பெயர்ந்து வந்துவிடும். பழைய செங்கல் நல்லதாக இருந்தால் மண்ணைத் தட்டிவிட்டு சிமெண்ட் கலவையில் மறுபடி கட்டலாம், அதில் உங்களுக்குக் கணிசமாக மிச்சமாகும். கடைக்கால் கருங்கல்லாக இருந்தால் ஒரு இடத்தில் தோண்டிப் பார்த்துவிட்டு, வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.

தளத்தைப் பின்னால் நீட்ட வேண்டுமென்றால் இப்போதே நீட்டப்போகிற பக்கத்தில் கம்பியை ரெண்டு, ரெண்டரை அடிக்கு வெளியே விட்டு, துருப்பிடிக்காமல் இருக்க மெலிந்த சிமெண்ட் கலவை பூசி மூடி வையுங்கள். மாடியில் பிளாஸ்டிக் தண்ணி டேங்க் வைத்தால் கட்டிப் பிடியுங்கள், வெறும் டேங்க் காற்றில் பறக்கும். மேகம் கட்டினால் மோட்டார் போட்டு நிரப்பிவிடுவது நல்லது.

சித்திரைக்குள் தள அறை மட்டும் முடியும். தை கடைசியில் கடைக்கால் எடுத்தால் பங்குனி முதல் வாரம் தளம் போட்டுவிடலாம், அப்புறம் 14 நாள் தண்ணீர் கட்டி வைக்க வேண்டும், வெயில் ஏறுகிற நேரம் என்பதால் அதில் ஒரு நாள்கூடத் தவறக்கூடாது. ஷீட் பகுதியை ஆடிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அதுவரைக்கும் பழைய கூரையில் இருக்கிற கல்லை எல்லாம் நாளைக்கே இறக்குங்கள். கூரையின் மேலே குறுக்காகக் கனமான நைலான் கயிறு நாலு ஓட்டி, ரெண்டு பக்கமும் தரையில் மூன்றடி ஆழத்துக்குப் புதைத்த கல்தூணில் இழுத்துக் கட்டுங்கள். ஷீட்டைக் கயிறு அறுக்காமல் இருக்க ஓரத்தில் பழைய டயர் துண்டு வையுங்கள். இது இந்த ஒரு கோடைக்கு மட்டும். பெல்ட்டுக்குக் கம்பி கட்டி முடித்ததும் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் படம் எடுத்து இங்கே போடுங்கள், மூலைக் கம்பி சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.